திருவிதாங்கோடு அரப்பள்ளி: போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எனக்குத் தக்கலைப் பக்கம். வெளியூரிலிருந்து உறவினர்களும் நண்பர்களும் வரும்போது திருவிதாங்கோட்டுக் கல் பள்ளியைப் பற்றி என்னிடம்தான் விசாரிப்பார்கள் (பள்ளி என்றால் இங்கே தேவாலயம்). பெரும்பாலும் அதே கேள்விகள்தான் என்பதால் பதில்களை இங்கே சேர்த்து எழுதிவைக்கிறேன். பத்மநாபபுரம் அரண்மனை வரைக்கும் வருகிறவர்களில் எத்தனையோ பேர், பக்கத்திலேயே இப்படி ஒரு பள்ளி இருப்பது தெரியாமலே திரும்பிப் போய்விடுகிறார்கள். அந்த வருத்தம் எனக்கு நெடுநாளாக உண்டு.

அரப்பள்ளி என்பது எது? எங்கே இருக்கிறது?

கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் வட்டத்தில், தக்கலையை ஒட்டியுள்ள திருவிதாங்கோட்டில் இருக்கிறது. முழுப்பெயர் புனித மரியாள் ஆர்த்தடாக்ஸ் சுரியானிப் பள்ளி. ஊர்க்காரர்கள் 'தோமையார் கோயில்' என்பார்கள், கேரளத்திலிருந்து வருகிறவர்கள் 'அரப்பள்ளி' என்பார்கள். ஆட்டோக்காரரிடம் இரண்டில் எதைச் சொன்னாலும் கொண்டுபோய் விட்டுவிடுவார். மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபையைச் சேர்ந்த பள்ளி இது.

இது உண்மையிலேயே தோமா கட்டியதா?

எல்லோரும் கேட்கிற கேள்வி. இதற்குக் கொஞ்சம் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும்.

மரபு இப்படிச் சொல்கிறது. இயேசுவின் பன்னிரண்டு சீடர்களில் ஒருவரான தோமா கி.பி. 52-ல் கொடுங்கல்லூரில் வந்து இறங்கினார். மலையாளக் கரையில் ஏழு இடங்களில் சபைகளை ஏற்படுத்தினார். கொடுங்கல்லூர், பாலையூர், பரவூர் கோட்டக்காவு, கொக்கமங்கலம், நிரணம், நிலக்கல், கொல்லம் ஆகியவையே அந்த ஏழு. அவற்றோடு சேர்த்து எண்ணப்படும் 'அரை' இந்தத் திருவிதாங்கோடு. எல்லாம் சேர்ந்து ஏழரைப் பள்ளிகள். இங்கே பள்ளி எழுந்த ஆண்டாகப் பரவலாகச் சொல்லப்படுவது கி.பி. 63. சேர மன்னன் இடம் கொடுத்தான், அதனால் அரசன் பள்ளி என்று பெயர் வந்து அதுவே அரப்பள்ளி ஆனது என்றும் சொல்வார்கள். காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த 64 வணிகக் குடும்பங்கள் இங்கே குடியேறின என்பதும் அதே மரபில் வரும் செய்தி. அவர்களைத் தரிசைச் செட்டிகள் என்று அழைத்தார்களாம்.

வரலாற்று ஆய்வாளர்கள் இவற்றை உறுதியான செய்திகளாக எடுத்துக்கொள்வதில்லை. தோமா இந்தியாவுக்கு வந்ததைச் சொல்லும் மிகப் பழைய நூலான 'தோமாவின் நடபடிகள்' சுரியானி மொழியில் மூன்றாம் நூற்றாண்டில் எழுதப்பட்டது. அதில் வரும் குண்டபோரஸ் மன்னன் வடமேற்கு இந்தியாவை ஆண்டவன். மலையாளக் கரையில் கிறிஸ்தவர்கள் இருந்ததை ஆறாம் நூற்றாண்டில் காஸ்மாஸ் என்ற கிரேக்கப் பயணி எழுதிவைத்திருக்கிறார். கையில் பிடித்துப் பார்க்கக்கூடிய சான்று என்றால் கி.பி. 849-ஐச் சேர்ந்த தரிசாப்பள்ளிச் செப்பேடுகள். வேணாடு என்ற பழைய நாட்டை ஆண்ட அய்யனடிகள் திருவடிகள், கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்கு நிலமும் உரிமைகளும் கொடுத்ததைப் பதிவு செய்யும் பட்டயம் அது. சாட்சிகளின் கையெழுத்து அரபு, பாரசீகம், எபிரேயம் என்று பல எழுத்துகளில் இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டிலேயே இந்தக் கரையில் இத்தனை வகை மக்கள் ஒன்றாக வியாபாரம் செய்திருக்கிறார்கள்!

தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்ததை மரபாகவும், சான்று உள்ளதை வரலாறாகவும் தனித்தனியாக வைத்துக்கொண்டே நான் இந்தப் பள்ளிக்குள் நுழைவேன். ஒன்றுக்காக மற்றதைத் தூக்கி எறிய வேண்டிய அவசியம் இல்லை. அங்கே தொழ வருகிறவர்களிடம் போய் 'இதற்கு ஆதாரம் என்ன?' என்று வாதாடாதீர்கள். அவர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள். இரண்டாயிரம் ஆண்டு நினைவு ஒன்றை ஒரு சிற்றூர் கைவிடாமல் வைத்திருப்பதே பெரிய விஷயம்.

அப்படியென்றால் கட்டடத்தில் பார்க்க என்ன இருக்கிறது?

முதலில், இது சின்னது. மிகச் சின்னது. கோட்டாறு சவேரியார் பேராலயத்தையோ கேரளத்தின் பெரிய பள்ளிகளையோ மனதில் வைத்துக்கொண்டு போனால் 'இவ்வளவுதானா?' என்று தோன்றும். முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

அந்தச் சிறிய அளவில்தான் இதன் அருமை இருக்கிறது. ஏழு பள்ளிகளில் பழைய கட்டடங்கள் அப்படியே நிற்கவில்லை. மழையும் ஈரமும் மரக்கூரையைத் தின்றுவிடும், அப்புறம் சபை பெருகும்போது இடித்துப் பெரிதாகக் கட்டுவார்கள். போர்ச்சுகீசியர் காலத்துக்குப் பிறகு முகப்புகளும் மாறிப்போயின. திருவிதாங்கோட்டுப் பள்ளி உள்ளூர்க் கருங்கல்லால் ஆனது, சபையும் பெரிதாக வளரவில்லை. பழைய உருவம் இவ்வளவாவது தங்கியதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

உள்ளே போனதும் ஃபோனை எடுக்காமல் சுவரை மட்டும் பாருங்கள். கல்லில் உளி பட்ட தடம் தெரியும். இழைத்து வழவழப்பாக்கிய கல் இல்லை, கொத்தி ஒழுங்கு செய்த கல். ஒவ்வொரு கொத்தும் ஒரு ஆளின் கை அசைவு. காலை வெயில் சாய்வாக விழும்போது வெளிச்சுவரில் இந்தத் தடங்கள் நன்றாக எடுத்துக் காட்டும். உச்சி வெயிலில் எல்லாம் தட்டையாகிவிடும், அதனால்தான் காலையில் வாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். உள்ளே வெளிச்சம் போதவில்லை என்றால் ஃபோன் டார்ச்சைச் சுவருக்கு நேராக அடிக்காமல் பக்கவாட்டில் பிடியுங்கள். யாரும் ஜெபம் செய்துகொண்டிருக்காத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள்.

அடுத்தது, கட்டடத்தின் பகுதிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாருங்கள். எல்லாம் ஒரே காலத்து வேலை இல்லை. உயரமும் கல்லின் வேலைப்பாடும் பகுதிக்குப் பகுதி மாறும். கொஞ்ச நேரம் நின்றால் எது பழையது, எது பிறகு சேர்ந்தது என்று நீங்களே ஊகிக்கத் தொடங்கிவிடுவீர்கள். பிள்ளைகளோடு போனால் அவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பெரியவர்களைவிடச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள்.

நம் ஊர்ச் சிவன் கோயில் மண்டபங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்தக் கல் வேலை அந்நியமாகவே இருக்காது. இந்த வட்டாரத்தில் கல் என்றால் கோயிலுக்கும் பள்ளிக்கும் அதே கல்தான், கொத்தும் முறையும் அதே முறைதான். சிற்பங்களுக்குப் பெயர்போன மயிலாடியும் இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது.

திசை பார்த்துக் கட்டியிருக்கிறார்களா?

ஆமாம். சுரியானி மரபில் ஜெபம் கிழக்கு நோக்கித்தான். பலிபீடம் இருக்கும் மத்பஹா கிழக்குக் கோடியில் அமையும், மக்கள் மேற்கிலிருந்து உள்ளே வந்து கிழக்கே பார்த்து நிற்பார்கள். குருவும் மக்களோடு சேர்ந்து கிழக்கு நோக்கியே நின்று வழிபாடு நடத்துவார். மத்பஹாவுக்கு முன்னால் ஒரு திரை தொங்கும், வழிபாட்டின் போக்கில் அதைத் திறப்பார்கள், மூடுவார்கள். திரைக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதோ, 'ஒரே ஒரு ஃபோட்டோ' என்று அங்கே ஏறுவதோ கூடாது. அது யாருக்கும் விதிவிலக்கு இல்லாத இடம்.

கிறிஸ்தவர் அல்லாதவர்கள் உள்ளே போகலாமா?

தாராளமாக. யார் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

அசைவம் சாப்பிட்டுவிட்டுப் போகலாமா?

என் சித்தி முதற்கொண்டு எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். பார்க்க வருகிறவர்களுக்கு அப்படி ஒரு தடையும் இல்லை. சபையாருக்குத்தான் நோன்பு உண்டு, அதுவும் கண்டிப்பான நோன்பு. ஈஸ்டருக்கு முன் ஐம்பது நோன்பு, கிறிஸ்துமஸுக்கு முன் இருபத்தைந்து நோன்பு, ஆகஸ்ட் 1 முதல் 15 வரை மரியாளின் பெயரால் பதினைந்து நோன்பு, இப்படி ஆண்டு முழுக்க வரும். குர்பானாவில், அதாவது திருப்பலியில், பங்குபெறுகிறவர்கள் வெறும் வயிற்றோடு வருவார்கள். நோன்புக் காலத்தில் போனால் அங்கே இருப்பவர்கள் முன்னால் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரிக்காமல் இருந்தால் போதும்.

என்ன உடுத்திக்கொண்டு போவது?

அம்மன் கோயிலுக்குப் போவதுபோல் போங்கள். செருப்பு வெளியே. பெண்கள் தலையில் முக்காடு போடுவது இங்கே வழக்கம், துப்பட்டாவோ சேலைத் தலைப்போ போதும். ஆண்கள் அரைக்கால் சட்டையைத் தவிர்த்துவிடுங்கள். மதிய நேரத்தில் கல் தரை சுடும், சின்னப் பிள்ளைகள் துள்ளுவார்கள். ஒரு ஜோடி காலுறை கையில் இருந்தால் உதவும்.

ஞாயிற்றுக்கிழமை குர்பானாவுக்கே போகலாமா? எதுவும் புரியாதே.

போங்கள். வெறும் கட்டடத்தைப் பார்ப்பதற்கும் அதற்குள் பாட்டு ஏறுவதைக் கேட்பதற்கும் உள்ள வித்தியாசம் பெரியது.

தமிழ்நாட்டில் கத்தோலிக்கத் திருப்பலியையோ சி.எஸ்.ஐ. ஆராதனையையோ பார்த்தவர்களுக்கு இது வேறு உலகம். ஏறக்குறைய முழுவதும் பாட்டாகவே போகும். குருவும் மக்களும் மாறி மாறிப் பாடுவார்கள். மொழி பெரும்பாலும் மலையாளம், நடுநடுவே சுரியானிச் சொற்கள். 'பாரெக்மோர்', 'குறியேலாயிசோன்' இரண்டும் அடிக்கடி காதில் விழும். முதலாவது 'ஆண்டவரே ஆசீர்வதியும்' என்ற பொருளில் சுரியானி, இரண்டாவது 'ஆண்டவரே இரங்கும்' என்ற பொருளில் கிரேக்கம். அப்பாவின் காலத்தில் திருவிதாங்கூர் பள்ளிக்கூடங்களில் மலையாளம் படித்த எங்கள் பக்கத்து முதியவர்களுக்கு ஜெபப் புத்தகம் தடையே இல்லை. சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ வருகிறவர்களுக்குப் பாதி புரியும், பாதி புரியாது. அதனால் நஷ்டம் ஒன்றும் இல்லை. தூபக்கலசத்தில் கட்டிய சிறு மணிகளின் ஓசையும் சாம்பிராணிப் புகையும் இவ்வளவு சின்னக் கல் அறைக்குள் நிறையும்போது மொழி பின்னுக்குப் போய்விடும்.

நடைமுறையாகச் சில சொல்ல வேண்டும். காலை ஜெபத்தோடு சேர்த்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பெரும்பகுதி நின்றபடிதான், முடியாதவர்கள் உட்காரலாம், யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். ஆண்களும் பெண்களும் தனித்தனிப் பக்கம் நிற்பார்கள். உள்ளே வந்ததும் எந்தப் பக்கம் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துப் போய் நில்லுங்கள். நடுவில் சமாதானம் பரிமாறும் நேரம் வரும். பக்கத்தில் நிற்பவர் இரு கைகளையும் சேர்த்து உங்களிடம் நீட்டினால், நீங்களும் இரு கைகளால் அதை வாங்கி அடுத்தவருக்குக் கொடுங்கள். எங்கிருந்தோ வந்த ஒருவரையும் அந்த வரிசை விட்டுவிடுவதில்லை. எனக்கு அந்த வழிபாட்டில் மிகப் பிடித்த இடம் அது.

நற்கருணை மட்டும் அந்தச் சபையின் விசுவாசிகளுக்கு உரியது. மற்றக் கிறிஸ்தவர்களும் வரிசையில் போய் நிற்காமல் இருப்பதுதான் முறை. கடைசியில் குருவின் கையிலுள்ள சிலுவையை முத்தமிட்டு ஆசி பெறும்போது நீங்களும் போகலாம். அவரை 'அச்சன்' என்பார்கள், 'ஃபாதர்' என்றாலும் சரி.

எந்த நாட்களில் விசேஷம்?

தோமாவின் நினைவு நாட்கள் இரண்டு. கத்தோலிக்கர்கள் ஜூலை 3-ஐக் கொண்டாடுவார்கள். மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபைக்கு டிசம்பர் 21-ம் முக்கியம், அவர் உயிர்த்தியாகம் செய்த நாளாக அதை நினைவுகூர்கிறார்கள். ஆகஸ்ட் 15 மரியாளின் நாள். இந்த நாட்களை ஒட்டிக் கேரளத்திலிருந்து பஸ்களிலும் வேன்களிலும் கூட்டம் வரும். கல்லையும் அமைதியையும் பார்க்க விரும்புகிறவர்கள் வேறு நாளில் வருவது நல்லது. மக்களைப் பார்க்க விரும்புகிறவர்கள் இந்த நாட்களிலேயே வரலாம்.

இன்னொரு நாளையும் நினைவில் வையுங்கள், மகா சிவராத்திரி. அன்றைக்குச் சிவாலய ஓட்டம். முஞ்சிறை திருமலையில் தொடங்கித் திருநட்டாலத்தில் முடியும் பன்னிரண்டு சிவன் கோயில்களையும், காவி கட்டி, கையில் விசிறியோடு, 'கோவிந்தா, கோபாலா' என்று சொல்லிக்கொண்டே பக்தர்கள் ஓடியும் நடந்தும் வலம் வருவார்கள். அதில் பத்தாவது கோயில் இதே திருவிதாங்கோட்டு மகாதேவர் கோயில். சாலைகளில் வண்டி நகராது. ஓட்டத்தைப் பார்க்கவே வருகிறீர்கள் என்றால் அது வேறு, நானே வரவேற்பேன்.

இந்தச் சிற்றூரில் ஏன் இவ்வளவு பழைமை?

சிற்றூர் என்பது இன்றைய கணக்கு. ஒரு காலத்தில் வேணாட்டு அரசர்களின் தலைநகரம் இது. திருவிதாங்கூர் என்ற ராஜ்ஜியத்தின் பெயரே இந்த ஊரிலிருந்துதான் வந்தது. 1600-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பத்மநாபபுரத்தில் அரண்மனை எழுந்தது, பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போனது. அரசு போன பிறகும் கோயிலும் பள்ளியும் பள்ளிவாசலும் இங்கேயே தங்கின. மகாதேவர் கோயில், முஸ்லிம் குடும்பங்கள் நிறைந்த தெருக்கள், பழைய பள்ளிவாசல், அரப்பள்ளி எல்லாம் ஒரே சின்ன ஊருக்குள். தக்கலையில் தமிழ் ஞானப் பாடல்கள் பாடிய பீர் முகம்மது அப்பாவின் தர்கா இருக்கிறது. நடந்தே சுற்றினால் இந்த மண்ணின் கதை ஓரளவு பிடிபடும்.

தமிழ்நாட்டில் இருக்கும் பள்ளியில் ஏன் மலையாளம்?

1956 நவம்பர் 1 வரைக்கும் இந்த ஊர் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும், மார்ஷல் நேசமணி தலைமையில் நடந்த நீண்ட போராட்டத்துக்குப் பிறகு அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தன. எல்லைக்கோடு மாறியதே தவிர, எங்கள் பேச்சும் சாப்பாடும் சொந்தபந்தமும் கோடு பார்த்து நடந்ததில்லை. பத்மநாபபுரம் அரண்மனையே தமிழ்நாட்டு மண்ணில் நின்றுகொண்டு இன்றும் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில்தான் இருக்கிறது. அரப்பள்ளியின் சபைத் தலைமையகமும் கோட்டயத்தில்தான். இங்கே யாருக்கும் இது விசித்திரமாகப் படுவதில்லை.

எப்படிப் போவது?

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகும் எந்த பஸ்ஸிலும் ஏறித் தக்கலையில் இறங்கலாம். அங்கிருந்து ஆட்டோவில் கொஞ்ச நேரம். ரயிலில் வருகிறவர்களுக்குக் கிட்டத்தில் இருப்பது இரணியல் நிலையம், ஆனால் எல்லா வண்டியும் நிற்காது, எனவே நாகர்கோவில் சந்திப்பில் இறங்குவதே வசதி. ஃபோன் மேப்பில் தேடும்போது 'திருவிதாங்கூர்' என்று போட்டால் குழப்பம் வரும். 'திருவிதாங்கோடு' என்று போடுங்கள்.

எந்த மாதம் நல்லது?

இரண்டு பருவமழையும் எங்களுக்கு உண்டு. ஜூனில் ஒன்று, அக்டோபரில் ஒன்று. டிசம்பர் பாதியிலிருந்து பிப்ரவரி வரை சுகமாக இருக்கும். மழைக்காலத்தில் வந்தாலும் கெட்டுப்போகாது, ஈரக் கருங்கல்லின் நிறமே வேறு. தரை வழுக்கும், பெரியவர்களைக் கைப்பிடித்துக் கூட்டிப்போங்கள்.

பூட்டியிருந்தால்?

பதற வேண்டாம். சிறிய பள்ளி, நாள் முழுக்கத் திறந்து வைக்க ஆள் இருக்க வேண்டுமே. சுற்றி ஒருமுறை நடங்கள், வெளிச்சுவரிலேயே பார்க்க நிறைய இருக்கிறது. பிறகு வளாகத்திலோ பக்கத்து வீட்டிலோ கடையிலோ மெதுவாக விசாரியுங்கள். 'அண்ணா, பள்ளி பார்க்க வந்தோம், கப்பியார் இருக்காரா?' என்று கேட்டால் போதும். கப்பியார் என்றால் பள்ளியைப் பார்த்துக்கொள்பவர். மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை யாரையும் எழுப்பாதீர்கள். திறந்து காட்டுகிறவர் கையில் பணத்தைத் திணிக்காமல் அங்கே இருக்கும் காணிக்கைப் பெட்டியில் போடுங்கள். ஊர்ப் பாட்டா யாராவது கதை சொல்ல ஆரம்பித்தால் உட்கார்ந்து கேட்டுவிட்டு வாருங்கள், அவசரப்படாதீர்கள்.

ஃபோட்டோ, வீடியோ, ரீல்ஸ்?

வெளியே எடுக்கலாம். உள்ளே கேட்டுவிட்டு எடுங்கள். வழிபாட்டு நேரத்தில் வேண்டவே வேண்டாம். கல்யாணத்துக்கு முன்பு எடுக்கும் ஃபோட்டோவுக்காகப் பழைய சுவரில் சாய்ந்து, ஏறி, காலை மடக்கி வைத்து எடுக்கும் பழக்கம் எல்லாப் பழைய இடங்களுக்கும் பரவிவிட்டது. அதைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு எரிகிறது. ட்ரோன் பறக்கவிட ஆசைப்படுகிறவர்கள் முறையான அனுமதி இல்லாமல் இறங்க வேண்டாம்.

கல்தானே, தொட்டால் என்ன ஆகிவிடும்?

ஒருவர் தொட்டால் ஒன்றும் ஆகாது. ஆயிரக்கணக்கான கைகளின் எண்ணெயும் வியர்வையும் கல்லில் ஏறினால் கறுத்து வழுவழுப்பாகும், உளித்தடம் மழுங்கும். மெழுகுவர்த்திப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் அப்படித்தான். எனவே மெழுகுவர்த்தியை அதற்கென்று வைத்த இடத்தில் மட்டும் ஏற்றுங்கள். சுவரில் பெயர் எழுதுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

அதைவிடப் பெரிய ஆபத்து நம் அன்பிலிருந்தே வருகிறது. இதை எல்லாப் பழைய பள்ளிகளுக்கும் கோயில்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். வெளிநாட்டில் சம்பாதிக்கும் பிள்ளைகள் ஊர்க் கோயிலுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று மனதார நினைக்கிறார்கள். உடனே டைல்ஸ், எனாமல் பெயிண்ட், சிமென்ட் பூச்சு. பழைய கட்டடத்துக்குச் சிமென்ட் எதிரி. பழைய சுண்ணாம்புக் காரை ஈரத்தை உள்ளே விட்டு வெளியேயும் விட்டுவிடும். சிமென்ட் அதை அடைத்துவிடும். உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் உப்பைக் கரைத்துக் கல்லின் மேற்பரப்பைப் பொரிந்து உதிரவைக்கும். மணலைப் பீய்ச்சியடித்துச் சுத்தம் செய்வது இன்னும் மோசம், நூற்றாண்டுகளின் கைவேலை ஒரே நாளில் போய்விடும். பணம் கொடுக்க மனமிருந்தால் கூரை ஒழுகாமல் பார்க்கவும், மழைநீர் வடியும் ஓடையைச் சரிசெய்யவும், சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடிப்பிடிக்கவும் கொடுங்கள். பெயர்ப்பலகை வைக்க முடியாத வேலைகள்தான், ஆனால் கட்டடத்தை நிறுத்தி வைப்பவை அவைதான்.

அதே நாளில் வேறு என்ன பார்க்கலாம்?

அரண்மனையைச் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆனால் திங்கட்கிழமை விடுமுறை. அதைவிட நான் வற்புறுத்துவது புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டையை. 1741-ல் குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மாவிடம் தோற்றுப் பிடிபட்டு, பிறகு அவருக்கே படைத்தளபதியான டச்சுப் படை அதிகாரி டிலனாய் இங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். கூரை இல்லாத சிறு தேவாலயத்துக்குள் அவருடைய கல்லறை இருக்கிறது. 1777-ல் இறந்தார். கல்லறை எழுத்து லத்தீனிலும் தமிழிலும் இருக்கிறது. தமிழ் வரிகளை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

அந்த டிலனாய் வழியாகக் கிறிஸ்துவை அறிந்தவர்தான் நட்டாலத்து நீலகண்டப் பிள்ளை. 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார், 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார், 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டார். சிவாலய ஓட்டம் முடியும் அதே நட்டாலம்தான் அவர் பிறந்த ஊர். கோட்டைக்குப் பக்கத்தில், தாகத்தில் அவர் முழங்கையால் இடித்தபோது தண்ணீர் ஊறியதாகச் சொல்லப்படும் முட்டிடிச்சான் பாறை இருக்கிறது. அவர் உடல் கோட்டாறு சவேரியார் கோயிலில் அடக்கமாகியிருக்கிறது.

இன்னும் நேரம் இருந்தால் மயிலாடி. 1806-ல் வந்த ரிங்கல்தௌபே என்ற ஜெர்மானிய மிஷனரி, அவ்வூர் வேதமாணிக்கம் அழைத்ததன் பேரில் வந்து 1809-ல் எழுப்பிய ஆலயம் அங்கே இருக்கிறது. அரப்பள்ளி, உதயகிரி, மயிலாடி மூன்றையும் ஒரே நாளில் அடக்க முடியும். ஆனால் நான் இரண்டோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வேன். ஓடி ஓடிப் பார்த்தால் எதுவும் மனதில் தங்காது.

வயதானவர்கள், சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் வரலாமா?

வரலாம், துணைக்கு ஒருவர் தேவை. பழைய கல் கட்டடம் என்பதால் படியும் வாசலும் இன்றைய வசதிக்கு அமைக்கப்பட்டவை அல்ல. வண்டியைப் பள்ளி வாசலுக்கு அருகில் நிறுத்தி இறக்கிவிட்டுப் பிறகு ஒதுக்கி நிறுத்துங்கள். ஊர்ச் சாலை குறுகலானது.

எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

பதினைந்து நிமிடத்தில் பார்த்து முடித்துவிடலாம் என்று கட்டடத்தின் அளவைப் பார்த்து நினைப்பீர்கள். ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். முதல் பத்து நிமிடம் சுற்றிப் பாருங்கள், அப்புறம் உள்ளே எங்காவது சும்மா உட்காருங்கள். கண் இருட்டுக்குப் பழகப் பழகத்தான் சுவர் ஒவ்வொன்றாகக் காட்டத் தொடங்கும். கூட வந்தவர்கள் 'போகலாமா?' என்று அவசரப்படுத்தினால் அவர்களைத் தக்கலைக்கு முன்னால் அனுப்பிவிடுங்கள். மட்டிப் பழமும், சுடச்சுட ஏத்தங்காய் வத்தலும் வாங்கிவைக்கச் சொல்லுங்கள். மத்தியானம் கிழங்கும் மீன் கறியும் எங்கே நன்றாக இருக்கும் என்று ஆட்டோக்காரரைக் கேளுங்கள், அந்த விஷயத்தில் அவர்கள் சொல்வது தப்பாது.